குதிகால் வலி: முள்ளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

குதிகால் வலி என்று போய் எக்ஸ்ரே எடுத்தவர்களில் நிறையப் பேர் ஒரே செய்தியோடுதான் வீடு திரும்புகிறார்கள்: "குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்காம்." அதற்கப்புறம் காலை ஊன்றும்போதெல்லாம் உள்ளே முள் குத்திச் சதையைக் கிழிக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நடமாட்டம் குறைகிறது. ஆபரேஷன் செய்து அந்த எலும்பைச் சீவியெடுக்க வேண்டியிருக்குமோ என்று தூக்கமும் கெடுகிறது.

இந்தப் பயம் தேவையே இல்லை. வலியே இல்லாமல் நன்றாக நடமாடுகிறவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் அவர்களில் கணிசமானவர்களுக்கு அதே முள் இருக்கும். வலியால் துடிக்கிற பலருக்கு முள் இருக்காது. முள் இருப்பவருக்கு வலி முழுக்கச் சரியான பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். அதனால் முள்ளைக் கரைக்கிறேன் என்று யார் மருந்து கொடுத்தாலும், எண்ணெய் விற்றாலும், அதை நம்பிப் பணத்தை விடாதீர்கள்.

வலிக்கிற இடம் பெரும்பாலும் எலும்பே இல்லை. குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்கள்வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. அதற்குப் பிளான்டர் ஃபேசியா என்று பெயர். அது குதிகாலில் ஒட்டியிருக்கும் இடத்தில் நைந்துபோவதைத்தான் மருத்துவர்கள் சீட்டில் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்று எழுதுகிறார்கள். ஊர்ப்பக்கம் குதிகால் வாதம் என்பார்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படிக் குதிகால் வலி வருகிறது. 40 வயதுக்கு மேல், 60-க்குள் அதிகம்.

பட்டை என்ன செய்கிறது?

நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையால் கால் கட்டைவிரலைப் பிடித்து, பாதத்தின் மேல்பக்கமாக நன்றாக வளைத்து இழுங்கள். மறு கையின் விரலால் உள்ளங்காலை, உட்புற ஓரத்தையொட்டித் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் விறைப்பாக ஒன்று நீளவாக்கில் தட்டுப்படும். அதுதான் அந்தப் பட்டை. கட்டைவிரலை விட்டால் தளரும், இழுத்தால் மறுபடி விறைக்கும். விறைக்கும்போது பாதத்தின் வளைவு கொஞ்சம் உயர்வதையும் கண்ணால் பார்க்கலாம்.

பாதத்தின் வளைவை வில் என்று வைத்துக்கொண்டால், அந்த வில்லுக்கு இந்தப் பட்டைதான் நாண். உடல் எடை பாதத்தில் இறங்கும்போது வில் தட்டையாகப் பார்க்கிறது; நாண் இழுபட்டு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அடுத்த அடிக்காகக் குதிகாலைத் தூக்கும்போது விரல்கள் வளைகின்றன. நாண் இன்னும் இறுகி வில்லை விறைப்பாக்குகிறது. அந்த விறைப்பில்தான் உடலை முன்னால் தள்ள முடிகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஜே. எச். ஹிக்ஸ் 1954-ல் இதைத் தெளிவாக விளக்கி எழுதினார். இன்றைக்கும் கால் மருத்துவம் படிக்கிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நாம் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் இந்த இழுப்பு உண்டு. அதன் வேகம் முழுக்க வந்து விழுவது குதிகால் எலும்பில் பட்டை ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில். அங்கே ஏற்படும் நுண்ணிய சேதங்களை உடம்பே சரிசெய்துகொள்ளும். ஆனால் சரிசெய்ய அவகாசம் கொடுக்காமல் மேலும் மேலும் பாரம் ஏற்றினால் நார்கள் ஒழுங்கு கலைந்து, பட்டை தடித்து, நைந்துபோகிறது. ஸ்கேனில் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் இந்தக் கோளாறு என்று சந்தேகிப்பது வழக்கம்.

2003-ல் அமெரிக்காவின் ஹார்வி லெமான்ட்டும் அவருடைய குழுவினரும், அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட 50 பேரின் திசு மாதிரிகளைப் பரிசோதித்து வெளியிட்ட முடிவு முக்கியமானது. அங்கே அழற்சி, அதாவது சிவந்து வீங்கும் கோளாறு, இருக்கும் என்றுதான் அதுவரை பெரும்பாலோர் நம்பினார்கள். அவர்கள் கண்டது நைவு; அழற்சி இல்லை. நாள்பட்ட குதிகால் வலிக்கு வலி மாத்திரை ஏன் அந்த நேரத்துக்கு மட்டும் கேட்கிறது என்பது இதிலிருந்து புரியும். நைந்த நார் திரும்பப் பலப்பட வேண்டும். மாத்திரையால் அது நடக்காது.

ஏன் காலையில் முதல் அடி?

இந்த வலிக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலின் அடியில், உட்புறமாகச் சுரீர் என்று குத்தும். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தாலேயே பாத்ரூம்வரை போவார்கள். ஐந்து பத்து நிமிடம் நடந்தபின் தணியும். சாயங்காலம், அதிக நேரம் நின்றபிறகு, மந்தமான வலியாகத் திரும்ப வரும். பஸ்ஸில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கும்போதும், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழும்போதும் அதே சுரீர்.

தூங்கும்போது பாதம் தானாகவே கீழ்நோக்கிச் சாய்ந்து கிடக்கும். அந்த நிலையில் பட்டையும் கெண்டைக்கால் சதையும் சுருங்கியபடியே இரவெல்லாம் இருந்துவிடுகின்றன. காலையில் எழுந்து நின்றதும் முழு எடையும் ஒரே நொடியில் அதை இழுக்கிறது. அதனால்தான் முதல் அடி வைக்கும் முன்பே, கட்டிலில் இருந்தபடி பட்டையை இழுத்துத் தயார்செய்யச் சொல்கிறார்கள். அந்தப் பயிற்சி கீழே வருகிறது.

யாருக்கு வருகிறது?

நின்றபடியே வேலை செய்கிறவர்களுக்கு முதலில். ஜவுளிக்கடை, நகைக்கடை விற்பனைப் பெண்கள், போக்குவரத்துக் காவலர்கள், ஆசிரியர்கள், நர்சுகள், ஹோட்டலில் பரிமாறுகிறவர்கள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. கேரளம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. கடைக்குப் போகும்போது விற்பனைப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் அதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். அது அவருடைய உரிமை, அவருடைய குதிகாலுக்கு மருந்தும்கூட.

கணக்கில் வராத இன்னொரு கூட்டம் வீட்டில் இருக்கிறது. கிரானைட், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நிற்கத் தொடங்கி, இரவு பாத்திரம் துலக்கும்வரை நிற்கிற பெண்கள். "நான் எங்கே நிற்கிற வேலை பார்க்கிறேன், வீட்டில்தானே இருக்கிறேன்" என்று அவர்களே சொல்வார்கள். அந்த நிற்பும் நிற்புதான்.

அடுத்தது, திடீர்ப் பாரம். சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் எச்சரித்ததும், அதுவரை நடக்காதவர் மறுநாளே ஒரு மணி நேரம் வேகநடை போடுகிறார். தைப்பூசத்துக்கு வெறுங்காலில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறார்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறார்கள். பழகிய கால் என்றால் பிரச்சினை இல்லை. பழகாத காலை ஒரே நாளில் அவ்வளவு தூரம் கொண்டுபோனால் பட்டைதான் அனுபவிக்கும்.

உடல் எடை அதிகம் இருப்பதும் ஒரு காரணம். அதைவிடக் கவனிக்கப்படாத காரணம் கெண்டைக்கால் இறுக்கம். அந்தச் சதையின் நாரும் இதே குதிகால் எலும்பின் பின்பக்கம்தான் வந்து ஒட்டுகிறது. அது இறுகியிருந்தால் கணுக்கால் மேல்நோக்கி மடங்காது. மடங்காத குறையைப் பாதத்தின் வளைவு ஈடுகட்டப் பார்க்கும். பட்டை கூடுதலாக இழுபடும்.

இது அதுதானா?

குதிகாலின் அடியில், நடுவிலிருந்து சற்று முன்பாக, உட்புறமாகக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே ஒரு புள்ளியில் "ஆ" என்று சொல்ல வைக்கும் வலி, கூடவே காலையில் முதல் அடி வலி, இரண்டும் இருந்தால் பெரும்பாலும் இதுதான். மருத்துவரும் இப்படித் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார். ஆரம்பத்திலேயே எக்ஸ்ரே, ஸ்கேன் தேவைப்படுவதில்லை. குதிகால் வலி என்றதும் யூரிக் ஆசிட் பார்ப்பதும் ஒரு பழக்கமாகிவிட்டது. ஆனால் யூரிக் ஆசிட் கூடுவதால் வரும் கவுட் வாதம் வழக்கமாகத் தாக்குவது கால் கட்டைவிரலின் அடிமூட்டை.

வேறு மாதிரி இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குதிகாலின் இரு பக்கத்தையும் உள்ளங்கைகளால் சேர்த்து அழுத்தும்போது வலி தாங்கவில்லை என்றால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். எரிச்சல், மரத்துப்போதல், ஊசி குத்தும் உணர்வு என்றால் நரம்பு சம்பந்தப்பட்டது. ஓடும்போதோ தாவும்போதோ பட்டென்று ஏதோ அறுந்த உணர்வும் இரத்தக்கட்டும் என்றால் பட்டை கிழிந்திருக்கலாம். காய்ச்சல், சிவப்பு, வீக்கம், படுத்திருந்தாலும் விடாத வலி ஆகியவையும் இந்தக் கணக்கில் சேராது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர், இரண்டு குதிகாலிலும் வலி, கூடவே காலையில் இடுப்பு விறைத்து அரைமணி நேரத்துக்கு மேல் விடாமல், நடமாட நடமாடக் குறைகிறது என்றால் அது முதுகுத்தண்டைப் பாதிக்கும் ஒருவகை வாதமாக இருக்கலாம். மூட்டுவாத மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் அது. வருஷக்கணக்கில் செருப்பை மாற்றிக்கொண்டே இருந்துவிட்டு, இடுப்பு கட்டியான பிறகு போவதில் பயனில்லை. வளரும் பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்து குதிகால் வலிக்கிறது என்றால், அது பெரும்பாலும் எலும்பின் வளரும் பகுதியில் வரும் வேறு வலி. அதற்குக் கீழே சொல்லும் பயிற்சிகளைச் செய்ய வைக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது?

முதலில் பாரத்தைக் குறையுங்கள். படுத்தே கிடக்க வேண்டாம். வேகநடையை நிறுத்திவிட்டுச் சில வாரங்கள் சைக்கிளோ நீச்சலோ செய்யலாம். காய் நறுக்குவது, மாவு பிசைவது போன்றவற்றை உட்கார்ந்து செய்யலாம். அடுப்படியில் நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் மேட் போடுங்கள்.

அடுத்து செருப்பு. வீட்டுக்குள் செருப்பு போடுவதா என்று தயங்குகிற வீடுகள் நிறைய. வெளியே போகாத, கழுவிச் சுத்தமாக வைத்த தனி ஜோடி ஒன்றை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பூஜை அறை வாசலில் கழற்றிக்கொள்ளலாம். கட்டிலுக்குக் கீழேயே அது இருக்கட்டும். காலையில் முதல் அடியே அதற்குள்தான் விழ வேண்டும். எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு என்று காலணிக் கடைகளில் கேட்டால் தருவார்கள். தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களைக் காப்பாற்ற, வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் காலத்தில் பயன்பாட்டுக்கு வந்த மெத்தென்ற ரப்பர் அது. மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது. குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று உயரமாகவும், வளைவுக்குக் கொஞ்சம் தாங்கலும் இருக்க வேண்டும். தேய்ந்து காகிதமாகிப்போன ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். ஷூ வாங்கும்போது இரு முனையையும் பிடித்து மடக்கிப் பாருங்கள்: விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது; நடுவில் மடங்கினால் வேண்டாம். சிலிக்கான் குதிகால் பேடு போட்டால் இரண்டு காலுக்கும் போடுங்கள். அளவெடுத்துச் செய்யும் விலையுயர்ந்த இன்சோல்கள் கடையில் கிடைக்கும் சாதாரணமானவற்றைவிடப் பெரிதாக உதவியதாக ஆய்வுகள் காட்டவில்லை.

இப்போது பயிற்சி. கட்டைவிரலை இழுத்துப் பட்டையைத் தொட்டுப் பார்த்தோமே, அதுதான் முதல் பயிற்சி. இம்முறை ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து, உள்ளங்காலில் இழுப்பு தெரியும்வரை வளைத்து 10 விநாடி வைத்திருங்கள். இப்படி 10 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. அதில் ஒரு வேளை கட்டாயம் காலையில் படுக்கையிலேயே, காலைத் தரையில் வைக்கும் முன். அமெரிக்காவில் டிஜியோவானி குழுவினர், பல மாதங்களாகக் குதிகால் வலியோடு இருந்த 101 பேரை வைத்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இந்தப் பயிற்சியைச் செய்தவர்களுக்கு எட்டு வாரத்தில் வலி அதிகம் குறைந்திருந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

கெண்டைக்காலையும் விடக் கூடாது. சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முழங்கால் நேராக, குதிகால் தரையில் பதிந்தபடி முன்னால் சாயுங்கள். 30 விநாடி. அப்புறம் பின்னங்கால் முழங்காலைச் சற்று மடக்கி இன்னொரு 30 விநாடி.

மூன்றாவதுதான் பட்டையை உண்மையிலேயே பலப்படுத்துவது. டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் 48 பேரிடம் சோதித்த பயிற்சி இது. மாடிப்படியின் ஓரத்தில் முன்பாதத்தால் நில்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். துண்டு ஒன்றைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்தால் விரல்கள் மேல்நோக்கி வளைந்து பட்டை இறுகும். மூன்று விநாடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குங்கள். அவர்கள் ஒற்றைக் காலில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 12 தடவை வீதம் மூன்று சுற்று தொடங்கினார்கள். பலம் கூடக் கூடப் புத்தகங்கள் நிரப்பிய பையை முதுகில் மாட்டிப் பாரத்தைக் கூட்டினார்கள். மூன்று மாதத்தில் இவர்கள் நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட முன்னால் இருந்தார்கள். ஒரு வருஷத்தில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. சீக்கிரம் தேற வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரு காலாலும் தொடங்கலாம். செய்யும்போது கொஞ்சம் வலிப்பது பரவாயில்லை. மறுநாள் காலை வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் பாரத்தைக் குறையுங்கள்.

செங்கல்லைச் சுட வைத்து, எருக்கிலையைப் போட்டு, அதன்மேல் குதிகாலை வைத்து ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் காலங்காலமாக உண்டு. இதமான சூடு இறுக்கத்தைத் தளர்த்தும், கொஞ்ச நேரம் சுகம் தரும். அதற்காகச் செய்வதில் தப்பில்லை. பொறுக்கிற சூடுதானா என்று கையால் பார்த்துக்கொள்ளுங்கள், எருக்கம்பால் கண்ணில் பட்டுவிடாமல் கவனமாக இருங்கள். ஐஸ் பிடிக்கிறவர்கள் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றி, உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டலாம். ஆனால் சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் செங்கல்லும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். சுட்டதே தெரியாமல் கொப்புளமாகி, புண்ணாகி, விரலை எடுக்கும் நிலைவரை போவது இங்கே அபூர்வமில்லை. அவர்களுக்கு வெறுங்கால் நடையும் எந்த நாளும் கூடாது.

வலி மாத்திரையைச் சில நாட்களுக்கு மேல், அதுவும் கடையில் நாமே கேட்டு வாங்கிப் போடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். போட்ட சில வாரங்களுக்கு நன்றாகவே கேட்கும். அந்தச் சுகம் நீடிப்பதில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகும் ஆபத்து உண்டு. குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பும் மெலியலாம். அந்தக் கொழுப்பு போனால் திரும்பி வராது. வலி தாங்காமல் பயிற்சியே செய்ய முடியவில்லை என்றால், ஒரு ஊசி போட்டுக்கொண்டு அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்குவது நியாயம். ஊசியை மட்டுமே நம்புவது நியாயமில்லை. ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் தேறவில்லை என்றால் கருவியால் குதிகாலுக்குள் அதிர்வுகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சை இருக்கிறது. அறுவை சிகிச்சை மிகச் சிலருக்குத்தான் தேவைப்படுகிறது.

எவ்வளவு நாள் ஆகும்? பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும். வாரக்கணக்கில் எதிர்பார்க்கிறவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் சலித்துப்போய் நிறுத்துகிறார்கள். தினமும் வலியை எடைபோடாமல், மாதத்துக்கு ஒரு தடவை காலை முதல் அடி வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று காலண்டரில் குறித்து வாருங்கள். எட்டு ஆறாகி, ஆறு நாலாவது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டுக்குக் கீழே வந்ததும் நடையை மறுபடி தொடங்கலாம்: முதல் வாரம் பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக. வலி போன பிறகும் மாடிப்படிப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாவது தொடருங்கள். இந்த வலி வந்த காலுக்கே திரும்ப வருவது சகஜம்.